பழுது எங்கே உள்ளது?

மண்ணை அகழும் எக்ஸ்கவேட்டரைத் தமிழ்நாட்டில் ‘பொக்லைன்’ என்றும் வழங்குவர். அதன் எஞ்சின் ஒரு பம்பை இயக்குகிறது. பம்பு அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெய் உருளைக்குள் பாய்ந்து இரும்புக் கையை உயர்த்துகிறது.

நெடுநாள் உழைத்த பொக்லைன் ஒன்றின் கை வலுவிழக்கிறது. சுமை ஏறியதும் எஞ்சினும் நின்றுவிடுகிறது. உடனே பம்பு பழுது என்று முடிவு செய்தல் கூடாது. பம்பின் விலை மிகுதி. வடிகட்டியின் விலையோ குறைவு. ஆதலால் எளியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

தேர்ந்த மெக்கானிக் வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எண்ணெயின் அளவைப் பார்ப்பார். பின்னர் இயந்திரத்தை இயக்கி, எஞ்சினின் ஓசையைக் கூர்ந்து கேட்பார். சுமை ஏறும்போது ஓசை தாழ்ந்து எஞ்சின் திணறினால், டீசல் வரும் வழியை முதலில் சோதிப்பார். வடிகட்டியில் அழுக்கோ நீரோ தங்கியிருக்கலாம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம். டீசல் குறைந்தால் எஞ்சின் தளரும். எஞ்சின் தளர்ந்தால் கையும் தளரும். எஞ்சின் சீராக ஓடியும் கை மெதுவாக உயர்ந்தால், குறை எண்ணெய் வழியில் உள்ளது எனக் கொள்வார். அழுத்தத்தை அளந்த பின்னரே பம்பைக் கழற்றுவார்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.

சொற்பொருள்
அகழ்தல் – தோண்டுதல்
திணறுதல் – இயங்க இயலாமல் தடுமாறுதல்
பீறிடுதல் – விசையுடன் வெளிப்படுதல்

வினாக்கள்
1. எளியவற்றை முதலில் ஆராய வேண்டும் என்பது ஏன்?
2. எஞ்சின் குறையையும் எண்ணெய் வழிக் குறையையும் எவ்வாறு பிரித்தறியலாம்?