புழுவைக் கொல்லும் குளிரும் பழத்தின் தோலும்

திருத்தங்கல் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், விவசாய அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "குளிரில் வைத்தால் பழத்துப் புழு சாகுமாமே, எங்கள் எலுமிச்சையையும் வைக்கலாமா?" விடை கூறுமுன் விஷயத்தை முறையாக அறிதல் நலம்.

பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. பொரிக்கும் புழு சதைக்குள் வளர்வதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டாது. முன்னர் எதிலீன் டைபுரோமைடு என்னும் நச்சுப்புகையால் அதனைக் கொன்றனர். அது மனிதருக்குத் தீங்கானதெனக் கண்டு அமெரிக்கா 1983-ல் விலக்கத் தொடங்கவே, குளிர்முறையின் தேவை மிகுந்தது. மத்தியதரைக்கடல் பழ ஈயை ஒழிக்க அந்நாட்டு விவசாய இலாகா வகுத்த அளவுகளுள் இரண்டு: 1.1 டிகிரி சென்டிகிரேடில் 14 நாள், 2.2 டிகிரியில் 18 நாள்.

இக்குளிரை ஆரஞ்சு பெரும்பாலும் தாங்கும். எலுமிச்சை தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் அதன் தோலில் சிறு குழிகள் விழும். பழுப்புக் கறை படரும். பின்னர் அழுகல் பற்றும். பட்டுக்கும் பருத்திக்கும் ஒரே சாயக் கொப்பரைச் சூடு ஒவ்வாது என்பதை நெசவாள அங்கத்தினர் நன்கறிவர். பழங்களின் இயல்பும் அத்தகையதே.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. கிடங்கினுள் பழம் பழுதின்றித் தோன்றும். வெளியே எடுத்து வெயில் பட்ட சில நாட்களிலேயே குழிகள் வெளிப்படும். அதற்குள் சரக்கு சந்தைக்குச் சென்றிருக்கும். நஷ்டமும் சங்கத்தின் பெயருக்கு வரும் இழுக்கும் அங்கத்தினர் அனைவரையும் சேரும்.

ஆகவே நாம் கூறுவது இது. மிளகாய் வற்றலுக்கெனக் குளிரூட்டிய அறையில் இடமிருக்கிறதென்று எலுமிச்சையை அடுக்கற்க. ஆரஞ்சு, சாத்துக்குடியாயினும் முதலில் ஒரு கூடையை வைத்து, வெளியே எடுத்து ஒரு வாரம் கவனித்தபின் மற்றவற்றை வைக்கவும். கிரேப்புரூட் பழத்தைச் சில நாள் 16 டிகிரியளவில் வைத்துப் பின்னர் கடுங்குளிருக்குக் கொண்டு சென்றால் தோலின் சேதம் குறைவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மெழுகுப் பூச்சும் ஓரளவு உதவும். உஷ்ணமானி காட்டும் அளவை நாள்தோறும் பதிவேட்டில் எழுதுதல் அவசியம்.

குளிர் புழுவைக் கொல்லும். புழு தின்ற சதையை மீட்டுத் தராது. தோட்டத்தில் உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதே முதற் காப்பு. அதற்குக் கிடங்கு வாடகையும் இல்லை.