திருநீற்றுப்பச்சை வளர்த்தலும் விதை சேர்த்தலும்

திருநீற்றுப்பச்சை துளசியினத்தைச் சேர்ந்த நறுமணச் செடியாகும். தாவரவியலார் இதனை ஓசிமம் பசிலிக்கம் என்பர். முற்றத்திற்கு அழகும் வாசனையும் தருவதோடு, இதன் தழை உணவிற்கும் உதவும். சர்பத்திலும் பலூடாவிலும் நாம் இடும் கறுத்த கசகசா இதன் விதையே.

“துளசி ஆண்டுதோறும் நிற்கின்றது, அதனருகே நட்ட திருநீற்றுப்பச்சை ஏன் பட்டுப்போயிற்று?” என்று வீட்டுத்தோட்டஞ் செய்வோர் பலர் வினவுவதுண்டு. குறை பெரும்பாலும் மண்ணிலுமன்று, நீரிலுமன்று. துளசி பல்லாண்டு வாழ்வது. திருநீற்றுப்பச்சையோ ஓராண்டுச் செடி. பூத்து விதை முற்றியதும் அதன் தழை குன்றி, செடி மடியத் தொடங்கும். எனவே, தழைக்கென வளர்க்கும் செடியைப் பூக்கவிடலாகாது. விதைக்கெனச் சில செடிகளைத் தனியே ஒதுக்கல் வேண்டும். இவ்விரண்டையும் செய்பவர் முற்றத்தில் இச்செடி அற்றுப்போகாது.

காலமும் நிலமும்

வட, கிழக்கு மாகாணங்களில் மாரிமழை ஓய்ந்த தை மாதம் விதைப்பதற்கு ஏற்றது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தெரிந்தெடுக்குக. நீர் வடிந்தோடும் செம்பாட்டு மண்ணும், எருவிட்ட மணற்றரையும் நன்று. நீர் தேங்கும் நிலத்தில் வேர் அழுகிவிடும். கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் வேர்களில் முடிச்சுகள் காணப்பட்ட தறையைத் தவிர்க்குக. அம்முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழுக்கள் இச்செடியையும் தாக்கும்.

விதைத்தல்

கடையில் வாங்கிய விதையாயின் முதலில் சோதித்துப் பார்க்குக. இருபது விதைகளை ஈரத்துணியில் இட்டு வைத்தால், பத்து நாளில் பாதியேனும் முளைத்தல் வேண்டும். விதைக்குமுன் நீரில் ஊறவைத்தலாகாது. விதைகள் வழுவழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மணலுடன் கலந்து நாற்றுமேடையில் தூவி, கால் அங்குலத்திற்கு மேற்படாதவாறு மெல்லிய மண்ணால் மூடுக. பூவாளியால் மெதுவாக நீர் தெளிக்குக. ஐந்து முதல் பத்து நாளில் முளை தோன்றும்.

நடுதலும் பராமரித்தலும்

நான்கைந்து வாரத்தில், ஆறு இலை கண்ட நாற்றுகளை மாலை வேளையில் ஓரடி இடைவெளியில் நடுக. நடுமுன் மக்கிய கூட்டெருவை மண்ணுடன் கலத்தல் வேண்டும். பசளை மிகுந்தால் தழை பெருகும். ஆனால் மணம் குறையும். நீரைக் காலையில் அடிமரத்தருகே விடுக. மாலையில் இலை நனைந்து இரவெல்லாம் ஈரமாயிருப்பின் பூஞ்சண நோய் பரவும். இலை தின்னும் புழுக்களைக் கையாற் பொறுக்கி அழிக்குக. தழை உண்ணப்படுவதாலும், பூவைத் தேனீக்கள் நாடுவதாலும் நஞ்சு தெளித்தல் தகாது.

நுனி கிள்ளுதல்

செடி ஆறங்குலம் வளர்ந்ததும், ஓர் இலைச்சோடிக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளுக. அவ்விலைகளின் கக்கங்களிலிருந்து இரு கிளைகள் எழும். அவை வளர்ந்ததும் அவற்றையும் அவ்வாறே கிள்ளின் செடி புதர்போலப் படரும். பின்னர் வாரந்தோறும் பார்த்துப் பூக்கதிர் தோன்றுமுன்னரே அகற்றுக. பூவின் அழகுக்கு இரங்கிக் கிள்ளாது விடுவோர் விரைவில் தழையை இழப்பர்.

விதைக்குரிய செடிகள்

நோயற்ற, மணமிகுந்த செடிகள் மூன்று நான்கினைத் தெரிந்து அடையாளமிடுக. இவற்றை முதல்முறை கிள்ளியதன் பின் பூக்கவிடுக. ஊதாத்தண்டுச் செடியும் பச்சைத்தண்டுச் செடியும் அருகருகே பூப்பின் தேனீக்களால் மகரந்தம் கலந்து இனம் மாறக்கூடும். ஆகவே விதைக்கு ஓரினத்தையே பூக்கவிடுதல் நன்று.

கதிரின் அடிப்பாகம் பழுப்பு நிறமடையும்போது, விதை உதிருமுன் கதிரை வெட்டுக. துணிமேற் பரப்பி நிழலில் உலர்த்தி, கையாற் கசக்கிப் புடைத்து எடுக்குக. நன்குலர்ந்த விதையைக் காற்றுப் புகாத போத்தலில் இட்டு, இனமும் ஆண்டும் எழுதி ஒட்டி, ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வைக்குக.

அடுத்த தை மாதத்திற்கு வேண்டிய விதையை முதலில் ஒதுக்கிய பின்னரே, எஞ்சியதைச் சர்பத்திற்கு எடுத்தல் வேண்டும்.