பாரத்துக்கும் ஒரு பிறேக் வேண்டும்

நெல் மூடையானாலும், விறகானாலும், தண்ணீர்த் தாங்கியானாலும் எமது கிராமங்களில் பாரம் என்பது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில்தான் போகிறது. 1995இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தபோதும் பல குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியே வீடாகவும் களஞ்சியமாகவும் இருந்தது. கூரைத் தகரத்தையும் பாத்திரங்களையும் ஏற்றி, அவற்றின் மேல் முதியோரையும் பிள்ளைகளையும் இருத்திக்கொண்டு போனார்கள். இன்று குத்தகைக் காணியில் பயிரிடுவோரும், ஊர் திரும்பிப் பற்றைக்காட்டை வெட்டித் திருத்துவோரும் அதே பெட்டியையே நம்பியிருக்கின்றனர்.

ஆயினும், உழவு இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது எஞ்சினையும் ரயரையும் டீசல் விலையையும் பற்றியே பேசுகிறோம். பெட்டியின் பிறேக்கைப் பற்றிப் பேசுவது அரிது. அதனை இப்பாடத்தில் ஒழுங்காகப் படிப்போம்.

பின்னால் வரும் பாரம் என்ன செய்கிறது?

இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றின் எடை முந்நூறு, நானூறு கிலோ அளவில் இருக்கும். அதன் பெட்டியில் 65 கிலோ மூடைகள் 15 ஏற்றினால் 975 கிலோ ஆகிறது. அதாவது, இழுக்கும் இயந்திரத்தை விட இழுபடும் பாரம் இரண்டு, மூன்று மடங்கு கூடியது. மட்டமான வீதியில் இயந்திரம் பாரத்தை இழுக்கிறது. குளக்கட்டிலிருந்து இறங்கும்போதோ பாரமே இயந்திரத்தைத் தள்ளத் தொடங்குகிறது. முன்னால் போகும் இயந்திரத்தை மட்டும் நிறுத்தினால், பின்னால் வரும் பெட்டி நிற்க மறுத்து அதைப் பக்கவாட்டில் தள்ளும். கதவு மடிவது போல இரண்டும் ஒன்றோடொன்று மடிந்துவிடும்.

வேகத்தையும் கணக்கிட வேண்டும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் 4 மீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம் போய்விடும். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கில் படுவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் செல்லும். அதன் பின்னர்தான் வண்டி வேகம் குறையத் தொடங்குகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால், பிறேக் பிடித்த பின் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. 

ஆகவே, பாரத்தை நிறுத்தும் வேலையைப் பாரம் இருக்கும் சக்கரங்களே செய்ய வேண்டும். இப்பாடத்தின் அடிப்படை இதுவே.

பிக்கப் வாகனங்களில் கண்ட வழி

வட அமெரிக்காவில் விவசாயிகள் வைக்கோல், மாடு, இயந்திரங்கள் ஆகியவற்றைப் பிக்கப் வாகனத்தின் பின்னால் பெட்டி பூட்டிக் கொண்டு செல்வர். எமது உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெட்டிக்குத் தனியாகப் பிறேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்பது எமக்கும் பயன் தரும்.

அப்பெட்டிகளின் சக்கரத்துக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. சாரதி பிறேக்கை மிதித்ததும் பிக்கப்பின் 12 வோல்ற் பற்றறியிலிருந்து வயர் வழியே அதற்கு மின்சாரம் வருகிறது. காந்தம் சுழலும் டிறம்மில் ஒட்டி, அதோடு இழுபட்டு, ஒரு நெம்பை அசைக்கிறது. அந்த நெம்பு பிறேக் கட்டைகளை விரிக்கிறது. மின்சாரம் கூடினால் பிடியும் கூடும்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதற்குச் சாரதியின் அருகில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. முன்னர் அதைக் கடையில் வாங்கித் தனியே பூட்டினார்கள். போர்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டு மாதிரி சூப்பர் டியூட்டி பிக்கப்புகளில் அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. இவ்வாறு உள்ளேயே அமைந்த கருவி, சாரதி எவ்வளவு அழுத்தமாக மிதிக்கிறார் என்பதை அறிந்து, அதற்கேற்பப் பெட்டியின் பிறேக்கையும் அதே கணத்தில் இயக்குகிறது.

இக்கருவியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. பிடியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் 0 முதல் 10 வரை இலக்கங்கள் உண்டு. மட்டமான, காய்ந்த வீதியில் மெதுவாக ஓட்டிப் பெட்டியின் பிறேக்கை மட்டும் முழுதாகப் பிடித்துப் பார்ப்பர். சக்கரம் உருளாமல் இறுகி இழுபட்டால் அளவைக் குறைப்பர். பிடி போதாவிட்டால் கூட்டுவர். இறுகிப்போகும் அளவுக்குச் சற்றுக் கீழே வைப்பதே சரியான அளவு. பாரம் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

2. பெட்டியின் பிறேக்கை மட்டும் பிடிப்பதற்கு ஒரு கைநெம்பு உண்டு. பெட்டி பாம்பு போல இருபக்கமும் ஆடத் தொடங்கினால் இதை மெதுவாகப் பிடிப்பர். பின்னால் இருந்து இழுத்துப் பிடித்தது போலப் பெட்டி நேராகிவிடும்.

3. கொழுவி கழன்று பெட்டி தனியே பிரிந்தால், ஒரு கம்பி இழுபட்டு, பெட்டியிலேயே உள்ள சிறு பற்றறி அதன் பிறேக்கைப் பிடிக்கும்.

இந்த மின்கருவி எமது உழவு இயந்திரங்களில் இல்லை. ஆனால் அது செய்யும் வேலையை எமது காலும் கையும் கவனமும் செய்ய முடியும்.

இரு சக்கர உழவு இயந்திரத்தில்

இதன் பெட்டியின் முன்பக்கத்தில் சாரதியின் இருக்கையும், அவரது காலடியில் பிறேக் மிதியும் இருக்கும். மிதியிலிருந்து ஒரு கம்பி பெட்டியின் இரு சக்கரங்களுக்கும் போகிறது. பாரத்தின் பிறேக்கே எமது பிரதான பிறேக் என்பது இதன் பொருள். அந்தக் கம்பியில் உள்ள சரிசெய்யும் நட்டுத்தான் எமக்கு 0 முதல் 10 வரையான இலக்கம்.

சோதிக்கும் முறை இது. வெறும் பெட்டியோடு மணல் படிந்த மட்டமான இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பிறேக்கை மிதியுங்கள். இறங்கி இரு ரயர்களின் தடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபட்ட அடையாளம் இருந்தால் மற்றப் பக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தின் நட்டைச் சரிசெய்ய வேண்டும். அல்லது டிறம்மைக் கழற்றிச் சேற்றையும் கிறீசையும் துடைக்க வேண்டும். பின்னர் பாரம் ஏற்றி, வீதியில் ஏறுமுன் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். வெறும் பெட்டியை நிறுத்தும் பிறேக் ஆயிரம் கிலோவை நிறுத்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

வாய்க்காலையோ வெள்ளம் பாயும் பாதையையோ கடந்தால் டிறம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். கரையேறியதும் சிறிது தூரம் பிறேக்கை இலேசாக அழுத்தியபடி மெதுவாக ஓட்டினால் அது சூடேறிக் காயும்.

இறக்கத்தில் திருப்பும் பிடி மாறி வேலை செய்யும்

இது உயிரைக் காக்கும் பாடம். புதிதாக ஓட்டப் பழகும் இளைஞருக்கு இதைக் கட்டாயம் விளக்க வேண்டும்.

கைபிடியின் இரு பக்கமும் திருப்புவதற்கான பிடிகள் உண்டு. இடது பிடியை அழுத்தினால் எஞ்சினுக்கும் இடது சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுபடும். மட்டமான தரையில் வலது சக்கரம் மட்டும் உந்துவதால் இயந்திரம் இடது பக்கம் திரும்பும். இறக்கத்திலோ எஞ்சின் உந்துவதில்லை. மாறாக, சக்கரங்களைத் தடுத்து வைத்திருக்கிறது. அந்நேரம் இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும். வலது சக்கரம் தடுக்கப்பட்டிருக்கும். ஆகவே இயந்திரம் நாம் நினைத்ததற்கு மாறாக வலது பக்கம் திரும்பும். குளக்கட்டிலும் பாலத்தடியிலும் இது பெட்டி குடைசாயக் காரணமாகிறது.

எனவே இறங்குமுன் இவற்றைச் செய்யுங்கள்:

- இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்றுங்கள். பாதி வழியில் மாற்ற வேண்டாம்.
- டீசல் மிச்சமாகும் என்று கியரைக் கழற்றி விட்டு ஓடவிட வேண்டாம். எஞ்சினின் தடுப்பு முழுவதும் போய்விடும்.
- பெட்டியின் பிறேக்கை முதலில் இலேசாகப் பிடித்துப் பாரத்தைப் பின்னுக்கு வைத்திருங்கள்.
- திருப்பும் பிடிகளைத் தொடாமல், கைபிடியை உடல் பலத்தால் தள்ளித் திருப்புங்கள்.

நான்கு சக்கர உழவு இயந்திரத்தில்

இதில் வலது, இடது பின்சக்கரங்களுக்கு இரண்டு பிறேக் மிதிகள் உண்டு. வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்கு அவற்றைத் தனித்தனியே மிதிக்கலாம். வீதிக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைக் கட்டாயம் பூட்ட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் சுழன்று பிரளும்.

பெட்டியின் கொழுவி ஊசிக்குப் பூட்டுக் கம்பி போட்டு, அதற்கு மேலதிகமாக ஒரு சங்கிலியும் பிணையுங்கள். ஊசியின் இடத்தில் கட்டுக்கம்பியோ இரும்புத் துண்டோ போடுவது ஆகாது. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்பக்கம் கூடுதலாக வருமாறு அடுக்க வேண்டும். பின்பக்கம் கூடினால் கொழுவி மேலே கிளம்பும். இயந்திரத்தின் பின்சக்கரங்கள் நிலத்தில் பிடிப்பை இழக்கும்.

விளக்கும் சுவிச்சும்

சூடடிப்புக் காலத்தில் இரவு வேலைக்கு மேலதிக விளக்குப் பூட்டுவது வழக்கம். மேற்சொன்ன பிக்கப் வாகனங்களில் இத்தகைய வேலைகளுக்கென்றே சில மேலதிக சுவிச்சுகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியான பியூஸ் உண்டு. சுவிச் சிறிய மின்சாரத்தால் ஒரு றிலேயை இயக்க, விளக்குக்கான பெரிய மின்சாரம் அந்த றிலே வழியாகவே போகிறது. ஆகவே சுவிச் சூடாகி எரிவதில்லை.

பற்றறி உள்ள எமது இயந்திரத்திலும் இதே முறையைக் கையாளலாம். 55 வாற்று விளக்கு ஒன்று 12 வோல்ற்றில் ஏறத்தாழ நாலரை அம்பியர் எடுக்கும். இரண்டு விளக்குகள் 9 அம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 15 அம்பியர் பியூஸும், அதைத் தாங்கும் தடித்த வயரும் வேண்டும். பியூஸைப் பற்றறிக்கு அருகிலேயே பூட்டுங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றினால், அடுத்த முறை எரிவது வயராகவும், சில வேளை பெட்டியில் உள்ள வைக்கோலாகவும் இருக்கும்.

முன்னால் எவ்வளவு விளக்கு இருந்தாலும், இருளில் பெட்டியின் பின்பக்கம் தெரியாவிட்டால் பின்னால் வரும் பஸ்ஸோ லொறியோ மோதிவிடும். இரு ஓரத்திலும் ஒளி பட்டால் மின்னும் சிவப்புத் தகடுகளை ஒட்டுங்கள். அவற்றுக்குப் பற்றறி வேண்டியதில்லை. சேறு படிந்தால் துடைத்தாற் போதும்.

யார் பொறுப்பு?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல சேர்ந்து ஒரு இயந்திரத்தைப் பாவிக்கும் இடங்களில், பெட்டி எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிறது. பிறேக்கோ எவருடைய பொறுப்பாகவும் இல்லை. இரவல் வாங்கியவர் உரிமையாளர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறார். உரிமையாளர் ஓட்டுபவர் பார்ப்பார் என்று நினைக்கிறார். மூடைகளின் மேல் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் இருவரையும் நம்பி ஏறுகிறார்கள். பாரம் ஏற்றிய பெட்டியில் ஆட்களை ஏற்றாதிருப்பதே சிறந்தது. 

எனவே ஒவ்வொரு சங்கமும் ஒருவரைத் தெரிவு செய்து, வாரம் ஒருமுறை பிறேக், கொழுவி, விளக்கு, ரயர் ஆகியவற்றைச் சோதித்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி ஒப்பமிடச் செய்ய வேண்டும். பிறேக் பிடிக்கவில்லை என்று அவர் எழுதினால், திருத்தும் வரை அந்தப் பெட்டியில் பாரம் ஏற்றுவதில்லை என்று எல்லோரும் உடன்பட வேண்டும். அறுவடை நேரத்தில் இது கடினமான முடிவுதான். ஆயினும் ஒரு நாள் நெல் தாமதித்தால் மறுநாள் ஏற்றலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பெட்டியின் பிறேக்கைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தது எப்போது? பார்த்தவர் யார்?
2. எமது ஊரில் ஆபத்தான இறக்கங்கள் எவை? அங்கே பாரத்தோடு இறங்கும்போது என்ன செய்கிறோம்?
3. ஓட்டப் பழகும் இளைஞருக்குத் திருப்பும் பிடி மாறி வேலை செய்வதை யார், எந்த இடத்தில் காட்டிக் கொடுப்பது?
4. சோதனைக் கொப்பியை யார் பொறுப்பேற்பார்? திருத்தச் செலவை எவ்வாறு பகிர்ந்து கொள்வோம்?