வலி வருமுன் பரிசோதனை

புகார் எழுந்த பின்னரே கணக்கைத் தணிக்கை செய்வது என்றிருந்தால், அதற்குள் சங்கத்தின் முதலே கரைந்து போகும். ஆகவேதான் ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கும் இம்முறையே பொருந்தும். தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. செஞ்சி வட்டாரத்தில் தறியிலும் மணிலாக் கொல்லையிலும் உழைக்கும் சகோதரிகள், வலியில்லாத கட்டிக்காக ஒரு நாள் கூலியை இழக்கத் தயங்குவது இயல்பே.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களுள் இப்பரிசோதனை செய்துகொண்டோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு.

பரிசோதனையின் பயன் யாது? 1998இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே சோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, நோய் முற்றுமுன்பே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

1. முப்பது வயது கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம்.

2. கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், எவ்வயதினரும் உடனே மருத்துவரை நாடுக. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே.

3. தனியே செல்லக் கூசுவோர் பலராகச் சேர்ந்து செல்லலாம். அதற்கென ஒரு நாளைக் குறித்து, பெண் அங்கத்தினர்க்கு அறிவிப்பது நிர்வாகக் குழுவினரின் கடமையாகும்.