தஞ்சையிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

காவிரிப் பாசனத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் பயணச்சீட்டில் அச்சிட்ட நேரத்தை மட்டுமே நம்பிப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. எனினும், தூரம் எவ்வளவு, வானில் கழியும் நேரம் எவ்வளவு, வாசலிலிருந்து போய்ச் சேரும்வரை ஆகும் காலம் எவ்வளவு என மூன்றையும் தனித்தனியே அறிந்தவரே, வயோதிகப் பெற்றோரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு அல்லலின்றிப் பிரயாணம் செய்ய இயலும்.

முதலில், தேசப்படத்தில் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் விமானமேறும் திருச்சிக்கு வடக்கு 10.8 பாகை, கிழக்கு 78.7 பாகை, சிங்கப்பூரின் சாங்கிக்கு வடக்கு 1.4, கிழக்கு 104. வித்தியாசம் முறையே 9.4, 25.3. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்க, 1,043 என்றும் 2,808 என்றும் வரும். இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு புயங்களாகக் கொண்டு, பள்ளியில் கற்ற பைதாகரஸ் விதிப்படி கர்ணத்தைக் கண்டால், அது 3,000 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக நிற்கும். இரு நகரங்களும் பூமத்தியரேகைக்கு அணித்தே இருப்பதால்தான் இச்சுருக்கவழி பலிக்கிறது. லண்டனின் அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 69 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுவதால், ஐரோப்பிய நகரங்களுக்கு இதனை அப்படியே பிரயோகித்தல் பிழையாகும்.

முக்கோணங்கொண்டு தூரமளக்கும் வித்தை நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. குன்றுகளற்ற இச்சமவெளியில் கோயில் கோபுரங்களையே நோக்குமிடங்களாகக் கொண்ட நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது தம் கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து அது மோதிச் சிதைவுற, மனந்தளராது பல வாரங்கள் உழைத்து அதனைச் செப்பனிட்டு அளவையைத் தொடர்ந்தார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து நேரம். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் பறப்பதாகக் கொண்டால் மூன்றரை மணி. ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் அரைமணி கூட்ட, நான்கு மணி. தென்மேற்குப் பருவ மாதங்களில் தரையில் மேல்காற்று வீச, உயர்வானில் காற்று கிழக்கிலிருந்து எதிர்த்து வருமாதலால், போகும்போது சில நிமிஷங்கள் கூடலாம்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. பின்னிரவு 1 மணிக்குக் கிளம்பும் விமானம் நம் 5 மணிக்கு, அதாவது அவ்வூரின் காலை 7.30-க்கு இறங்கும், அழைக்க வரும் உறவினருக்கு இந்நேரத்தையே தெரிவியுங்கள்.

கடைசியாகத் தரைவழி. தஞ்சையிலிருந்து விமான நிலையம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்றரை மணி வையுங்கள். கும்பகோணத்தார் இன்னும் 40 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சோதனைகளுக்காக மூன்று மணி முன்னதாகச் சேர்வது உசிதம். முகூர்த்த நாளிலும், நெல் மூட்டை லாரிகள் சாலையை நிறைக்கும் அறுவடைக் காலத்திலும் மேலும் அரைமணி ஒதுக்குங்கள். இவ்வாறு கூட்டினால், 1 மணி விமானத்திற்குத் தஞ்சையில் இரவு 8 மணிக்கே வண்டியேறிவிட வேண்டும்.