பட்டம் வந்தது 1987-இல், பரிசோதனை வந்தது 1890-இல்

கேள்வி: கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வீட்டில் இரண்டு கலப்பின மாடுகள். மனைவிதான் கறந்து சங்கத்தில் ஊற்றுகிறார். அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் மைத்துனன், “எங்க மாநிலத்தோட அதிகாரப்பூர்வ பானமே பால்தான் மாமா” என்று பெருமை பேசுகிறான். நமக்குப் பனை மாநில மரம், செங்காந்தள் மாநில மலர், வரையாடு மாநில விலங்கு. பாலை மாநிலப் பானமாக அறிவித்தால் எங்களுக்கு விலை கூடுதலாகக் கிடைக்குமா? இன்னொரு சந்தேகம்: அதே மாடு, அதே தீவனம். காலைப் பாலுக்கு ஃபேட் 3.6 என்றும் சாயங்காலப் பாலுக்கு 4.3 என்றும் சீட்டில் வருகிறது. இதில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்கிறதா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: அறிவிப்பால் லிட்டருக்கு ஒரு பைசாகூட ஏறாது. உங்கள் மைத்துனர் சொன்னது மட்டும் உண்மை. நியூயார்க் 1981-இல், பென்சில்வேனியா 1982-இல், விஸ்கான்சின் 1987-இல் என்று சுமார் 20 அமெரிக்க மாநிலங்கள் பாலுக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்திருக்கின்றன. இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்த ஒஹாயோவோ 1965-இல் தக்காளிச் சாற்றைத் தேர்ந்தெடுத்தது. எந்த விவசாயத்துக்கு அங்கே செல்வாக்கு இருக்கிறதோ, அதற்குச் சட்டசபை போடும் மாலை இது. நம் நாட்டிலும் 2012-இல் தேநீரைத் தேசிய பானமாக்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. பாலுக்குத்தான் அந்த இடம் என்று அமுல் தரப்பு எதிர்த்தது. பேச்சு பேச்சோடு நின்றது. அதனால் பால்காரருக்கும் நஷ்டமில்லை, டீக்கடைக்காரருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் விஸ்கான்சின் கதையில் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் ஒளிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது கோதுமை பூமி. மண் சத்து இழந்து, பூச்சியும் தாக்கியதும் விவசாயிகள் மாட்டுக்கு மாறினார்கள். வெண்ணெய்ப் பண்ணைகள் அப்போது பாலை எடை போட்டு மட்டுமே பணம் கொடுத்தன. தண்ணீர் கலந்தவருக்கும் ஏடு எடுத்தவருக்கும் நேர்மையாக ஊற்றியவருக்கும் ஒரே விலை. 1890-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பேப்காக் இதற்கு முடிவு கட்டினார். பாலில் கந்தக அமிலம் ஊற்றினால் கொழுப்பைத் தவிர மற்றவை கரைந்துவிடும். பாட்டிலைச் சுழற்றினால் கொழுப்பு மேலே வந்து, அளவுக்கோடு போட்ட கழுத்தில் நிற்கும். பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதன் பிறகு தண்ணீர் ஊற்றுவதில் லாபம் இல்லாமல் போயிற்று. அந்த மாநிலத்தைப் பால் மாநிலமாக்கியதில் இந்தப் பரிசோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டம் வந்தது 97 வருடம் கழித்து.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கெர்பர் என்பவர் உருவாக்கிய இன்னொரு முறைதான் நம் சங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். குலுக்கியதும் கண்ணாடிக் குழாய் கையைச் சுடும், பால் காப்பிக் கொட்டை நிறமாகும். சுழற்றி எடுத்தால் மேலே தெளிவான மஞ்சள் கோடு நிற்கும். அந்தக் கோட்டின் நீளம்தான் உங்கள் வீட்டு வரவு. இப்போது பல சங்கங்களில் மெஷினே அரை நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடுகிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. கொழுப்பும் எஸ்.என்.எஃப் எனப்படும் இதர சத்தும் பார்த்தே விலை. 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தபோது பசும்பால் 38 ரூபாய், எருமைப்பால் 47 ரூபாய் என்று ஆனதும் தரம் சரியாக இருக்கும் பாலுக்குத்தான்.

இனி உங்கள் சீட்டு. காலை 3.6, சாயங்காலம் 4.3 என்பது இயல்பான வித்தியாசம். மாலை மூன்றரைக்குக் கறந்தால் அடுத்த கறவை விடியற்காலை ஐந்துக்கு. இடையில் பதின்மூன்றரை மணி நேரம் மடியில் பால் ஊறுகிறது. காலைக்கும் மாலைக்கும் நடுவிலோ பத்தரை மணி நேரம்தான். இடைவெளி கூடினால் பால் அதிகம், கொழுப்புச் சதவீதம் குறைவு. காலையில் 6 லிட்டர், மாலையில் 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் காலைப் பாலில் ஏறக்குறைய 216 கிராம் கொழுப்பு, மாலைப் பாலில் 172 கிராம். எண் சிறியதாகத் தெரிந்தாலும் காலையில்தான் கொழுப்பு அதிகம் போகிறது.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, கடைசிப் பால். கறக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும். காம்பு வற்றும் நேரத்தில் வரும் பாலில்தான் கொழுப்பு பல மடங்கு. கன்றுக்கு விட வேண்டியதை முதலிலேயே விட்டுவிட்டு, மடியை முழுதாகக் கறந்தால் ஃபேட் தானாக ஏறும்.

இரண்டாவது, உங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல். மேய்ச்சல் நிலம் ஷெட்டாகவும் லாரி நிறுத்தமாகவும் மாறிவிட்ட ஊர்களில் மாட்டுக்கு மெஸ், கேன்டீன் மிச்சச் சோறு வாளி வாளியாக வந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் சோறு வயிற்றில் சீக்கிரம் புளித்து அமிலமாகும். மாடு அசை போடுவது குறையும். பால் கொழுப்பு இறங்கும். முற்றினால் மாடே படுத்துவிடும். கொழுப்புக்கு மூலம் நார்ச்சத்து. வைக்கோல் எப்போதும் முன்னால் கிடக்கட்டும். தண்ணீர் வசதியுள்ள 10 சென்ட் இருந்தால் கோ-4 அல்லது கோ-5 புல் கரணை நடுங்கள். சோற்றைக் குறைப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள்.

மூன்றாவது, மாதிரி எடுக்கும் விதம். இங்கேதான் தவறும் நடக்கும், தப்பும் நடக்கும். நின்ற பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் குறையும், மேலாக மொண்டால் கூடும். நுரை அடங்காத பாலை மெஷினில் வைத்தால் எண் தடுமாறும். கறந்த சூட்டோடு லாக்டோமீட்டரைப் போட்டால் இதர சத்து குறைவாகத் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியது மாநிலப் பட்டம் அல்ல. உங்கள் மனைவி நாளைக் காலையே சங்கத்தில் மூன்றைக் கேட்கலாம்: என் எதிரில் பாலைக் கலக்கி மாதிரி எடுங்கள், ஃபேட்டும் எஸ்.என்.எஃப்பும் தனித்தனியாகச் சீட்டில் எழுதுங்கள். மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பத்து நாள் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். காலை எண்கள் ஒன்றுக்கொன்று 0.2, 0.3-க்குள் ஏறி இறங்கினால் மாட்டின் போக்கு. தீவனம் மாறாமல் ஒரு நாள் 3.6, மறுநாள் 2.9 என்று குதித்தால் அந்தக் கம்பியோடு பட்டுவாடா நாளில் போய் செயலாளர் முன்னால் உட்காருங்கள்.