கித்துல்கல போகிறவர்களுக்கு: சிரட்டைத் தண்ணீரைக் கவனியுங்கள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. கரவனெல்லயைத் தாண்டி ஏ-7 வீதியில் கித்துல்கலவுக்குப் போகும் வேன்களும் கூடிவிட்டன. களனி கங்கையில் படகு விடவும் மாகந்தாவ காட்டுக்குள் நடக்கவும் வருகிறவர்கள் அட்டைக்குப் பயந்து சவர்க்காரமும் உப்பும் கொண்டு வருகிறார்கள். அட்டை கடித்தால் கொஞ்சம் இரத்தம் போகும், அவ்வளவுதான். இந்த மாதங்களில் பயப்பட வேண்டியது நுளம்புக்கு.

ஓடுகிற ஆற்றில் டெங்கு நுளம்பு முட்டையிடாது. அதற்கு அசையாத, தெளிந்த தண்ணீர் கொஞ்சம் போதும். வீதியோர இறப்பர் தோட்டங்களில் அது நிறையவே கிடைக்கிறது. மழை விடாத நாளில் பால்வெட்டு இல்லை. கவிழ்க்காத சிரட்டைகள் மரத்திலேயே நிரம்புகின்றன. ஒன்றைச் சரித்துப் பாருங்கள். அடியில் பழைய பால் துணுக்கு, மேலே கண்ணாடிபோலத் தண்ணீர், அதற்குள் நெளிந்து நெளிந்து ஏறி இறங்கும் குடம்பிகள். உங்கள் நிழல் பட்டதும் எல்லாம் அடிக்குப் போய்விடும். பத்து நாளுக்குள் அவை காலில் வெள்ளை வரியோடு பறக்கும்.

நுளம்பின் கொடுமையை இந்தப் பக்கம் நன்றாக அறியும். 1934இல் மழை பொய்த்து, களனி கங்கையும் மா ஓயாவும் குட்டை குட்டையாக வற்றின. அந்தக் குட்டைகளில் பெருகிய நுளம்பால் மூண்ட மலேரியா, அடுத்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்டது கேகாலை மாவட்டம். அப்போது இங்கே நிவாரண வேலை செய்த என்.எம்.பெரேராவைத்தான் 1936இல் ருவன்வெல்ல மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். மலேரியா ஒழிந்ததென்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. மறு ஆண்டே டெங்கு 186,000 பேருக்கு மேல் பிடித்து, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே புறப்படும்போதே முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை எடுத்து வையுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்னும். இரவில் மட்டும் வலை கட்டினால் போதாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள். டீட் சேர்ந்த பூச்சு பல மணி நேரம் காக்கும். ஆற்றில் குளித்து ஏறியதும் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்குப் பூசவே கூடாது. தங்குமிடத்தில் பூச்சாடித் தட்டையும் குளியலறை வாளியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் ஊற்றிவிடுங்கள்.

இன்னொன்றை மனம் நொந்துதான் சொல்கிறேன். வருகிறவர்கள் ஆற்றோரம் எறிந்துவிட்டுப் போகும் தயிர்ச் சட்டி, யோகட் கோப்பை, செவ்விளநீர்க் கோம்பை எல்லாம் அடுத்த மழையில் நுளம்புத் தொட்டில்கள். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். கடி வாங்குவது பக்கத்து லயத்துப் பிள்ளைகள். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை பீலியையும் பீப்பாயையும் தேய்த்துக் கழுவுங்கள், வெட்டில்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் வற்றினாலும் ஒட்டிக்கொண்ட முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தேய்க்கச் சொல்வது.

பயணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் “மழைக் காய்ச்சல்தான்” என்று இருந்துவிடாதீர்கள். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோபினாக் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். கஞ்சி, இளநீர், ஜீவனி குடிக்கக் கொடுங்கள். மூன்றாம் நாளாவது இரத்தம் சோதியுங்கள். ஆற்றில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய பிழை. டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கரவனெல்லயில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. வேறு இடத்தில் இருந்தால் கிட்டிய அரச வைத்தியசாலைக்கு உடனே போங்கள்.